அத்தையும் நானும் பாரா கொடுத்த சாரல்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. பக்கத்திலேயே இலஞ்சியில், தென்னந்தோப்பை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. நான், என் மாமியார், இரண்டு பசுமாடுகள், இவ்வளவுதான் குடும்பம். கல்யாணமான எட்டாம் மாதம் பட்டாளத்துக்குப் போன என் வீட்டுக்காரர் அப்போதுதான் திரும்பி வந்தார்.

வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜோடி பூட்ஸ், காதுவரை வரும் ஒரு குல்லாய் எல்லாம் கொண்டுவந்தார். தூக்கத்தை மட்டும் பர்மாவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அது எங்களுக்கு முதல் நாள் தெரியவில்லை. மூன்று நாள் ரயிலில் வந்த மனுஷன், அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு வாரம் கழிந்தும் அவர் ராத்திரி கண்ணை மூடவில்லை. மூடினால் அரை மணி நேரத்தில் வியர்த்துக் கொட்ட எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சத்தம் கேட்டாலும் ஆகாது. தோப்பில் தேங்காய் விழாத நாள் உண்டா? வந்த மூன்றாம் நாள் கிணற்றடியில் ஒரு முற்றின தேங்காய் தொம்மென்று விழுந்தது. அடுத்த நொடி அத்தை தரையில் கிடந்தார், அவர் மேல் என் வீட்டுக்காரர் கவிழ்ந்து மூடிக் கிடந்தார். அத்தைக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. ஆனாலும் தெரு முழுக்கப் போய், "எம் மவன் என்னைக் காப்பாத்திட்டான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எதனிடமிருந்து என்று யாரோ கேட்டதற்கு, தேங்காயிடமிருந்து என்றும் சொல்லியிருக்கிறார்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை ஒரு குப்பி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு ராத்திரி போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அதை அப்படியே உரக்குழியில் கொட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மாத்திரை போட்டா தூக்கம் வருது, கனவும் வருது. கனவுல இருந்து எந்திரிச்சு வரத்தான் முடியல" என்றார். அதற்கு மேல் மாத்திரை என்ற பேச்சை நான் எடுக்கவில்லை.

மாத்திரை இல்லையென்றால் என்ன, தெருவே வைத்தியம் சொல்ல வரிசையில் நின்றது. ஜாதிக்காயை உரசிப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள், தடவினோம். அவர் எழுந்து நடக்கும்போது வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். தலைமாட்டில் மருதாணிப் பூ வைத்தோம், எறும்பு வந்தது. தலை வைக்கும் திசைதான் கோளாறு என்று ஒருவர் சொல்ல, ஒரு வாரத்தில் எங்கள் கட்டில் நாலு திசையையும் பார்த்துவிட்டது. போதாக்குறைக்கு நான் வேறு. எனக்கு வாய் ஜாஸ்தி, பிடிவாதமும் ஜாஸ்தி. வீட்டைச் சுற்றி ஒரு சத்தம் வரக் கூடாது என்று கிளம்பினேன். எதிர்வீட்டுச் சேவலைக் கூடையால் மூடி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். கூடைக்குள் அது இன்னும் கோபமாகக் கூவியது.

இந்த நிலையில் ஒரு நாள் விடிகாலையில் அவர் கொஞ்சம் அசந்திருந்தார். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்து, தோளைத் தொட்டு எழுப்பினேன். அவ்வளவுதான், என் கை முறுக்கியபடி அவர் பிடியில் இருந்தது. வளையல் நாலும் உடைந்து கட்டிலில் சிதறியது. அவர் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை. மூச்சு நாலைந்து விட்ட பிறகுதான் தெரிந்தது. கையை விட்டுவிட்டு, அடிபட்டது தனக்கு என்பது போல மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலமே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டார். "என்னை யாரும் தொட்டு எழுப்பாதிய. தூரமா நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, எந்திரிச்சிருவேன்" என்றார்.

சொல்வது சுலபம். கட்டின புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? சரி, பெற்ற தாய் கூப்பிடலாமே என்றால், என் வீட்டுக்காரருக்கு வைத்திருந்தது அவருடைய தாத்தா பேர். அதாவது அத்தைக்கு மாமனார் பேர். மாமனார் பேரை அத்தை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, மகனைப் பிறந்ததிலிருந்து "ஏலே பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார். அவருக்குத் தம்பியே கிடையாது, இருந்தாலும் பெரியவன்தான். இப்படி எங்கள் வீட்டில் அவர் பேரைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தரும் இல்லை. "ஏலே பெரியவனே" என்றால் பட்டாளத்தில் மூன்றரை வருஷம் இருந்தவருக்குக் காதில் ஏறவில்லை. கடைசியில் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான பழைய குடை ஒன்று இருந்தது. அதை முழுக் கை நீட்டிப் பிடித்து, நுனியால் அவர் காலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

இப்போது சிரிக்கிறேனே தவிர, அப்போது உள்ளே எனக்குப் பயம் பிடித்திருந்தது. காரணம் சின்ன மாமா. என் மாமனாரின் தம்பி. மாமனார் காலமான பிறகு எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் அவர்தான் எடுப்பார். வந்து பார்த்தார். கொட்டகையில் ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருந்த மகனைப் பற்றி அத்தை சொன்னதைக் கேட்டார். "மதினி, இது சூடு தலைக்கேறின கேசு. செங்கோட்டை தாண்டி மலையாளத்துல ஒரு வீடு இருக்கு. மொட்டை போட்டு, ஒரு மண்டலம் கெட்டிப் போட்டு வச்சிருந்து அனுப்புவாக. ஆவணி பொறக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கட்டிப்போடுவதா? யுத்தத்துக்குப் போய் உயிரோடு வந்தவரைச் சங்கிலியிலா கட்டுவது? நான் சின்ன மாமாவிடம் நேரே பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று, அத்தைக்குச் சொல்வது போல உரக்கச் சொன்னேன்: "அத்தை, குற்றாலம் கையெட்டுத தூரத்துல இருக்கும்போது மலையாளம் எதுக்கு? சாரல் முடியிற வரைக்கும் அருவியில் குளிப்பாட்டிப் பாப்போம்." புத்தி கலங்கினவர்களை அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சின்ன மாமா கதவைப் பார்த்து, சரி, ஆவணி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமையே வண்டி கட்டிக் கிளம்பினோம். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள் அது. பேரருவிக்குப் போகிற வழியில், பாறையோரம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் தொந்தி பெருத்த, வெற்றிலை வாயோடு ஒரு அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் அவரிடம் போய் உட்கார்ந்தார். தலையிலிருந்து பாதம் வரை நல்லெண்ணெய் ஊற்றி, மாவு பிசைவது போலப் பிசைந்து விட்டார் அண்ணாச்சி. பிறகு அருவியில் ஒரு மணி நேரம். வெளியே வந்தபோது அவர் முகமே தெளிவாக இருந்தது. அண்ணாச்சியின் பாறையில் வந்து சாய்ந்தார், கண் சொருகியது.

நான் பார்த்துவிட்டேன். பதறிவிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கினால் ஜன்னி காணும் என்பது எங்கள் ஊரில் சர்க்கார் சட்டத்துக்கும் மேலான சட்டம். நல்லதுக்கு என்று கூட்டி வந்து ஜன்னியை ஏற்றிக்கொண்டு போவதா? "அத்தை, குடை" என்றேன். அத்தை குடையால் காலைத் தட்டினார். அவர் துள்ளி எழுந்தார்.

அன்று பொழுது அடையும்வரை அவரைத் தூங்கவிடாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வண்டியில் வரும்போது தலை ஆடினால் அத்தை குடையைத் தூக்குவார். வீட்டுக்கு வந்ததும் முகத்தில் தண்ணீர் அடிப்போம். மாட்டுக்குப் புல் அறுக்க அனுப்புவோம். எல்லாவற்றுக்கும் மேலாக நான் ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கண் சொருகும்போது பர்மாவைப் பற்றி ஏதாவது கேட்பேன். ஜப்பான்காரன் எப்படி இருப்பான், குண்டு விழுந்தால் எவ்வளவு பள்ளம் விழும், இப்படி. கேட்டவுடன் தூக்கம் பறந்துவிடும், கண் இரண்டும் அகல விரியும். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ராத்திரி அவர் கொட்டகையில் விடிய விடிய நடப்பார். காலையில் அத்தையும் நானும் கூடிப் பேசுவோம். "எண்ணெய் பத்தலட்டி" என்பார் அத்தை. அடுத்த சனிக்கிழமை அரை ஆழாக்குக் கூட ஊற்றச் சொல்வோம்.

இப்படி மூன்று சனிக்கிழமை போனது. எண்ணெய் ஏறிக்கொண்டே போனது, தூக்கம் வந்தபாடில்லை. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

நாலாவது சனிக்கிழமை. அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். நானும் அத்தையும் பெண்கள் பக்கம் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தோம். வந்து பார்த்தால், அண்ணாச்சியின் பாறையில் என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடக்கிறார். அருவி இரைகிறது, பிள்ளைகள் கத்துகின்றன, ஆட்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். தலைமாட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்கள் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த அதே குறட்டை. அதைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நான் கையை நீட்டி, "அத்தை, குடை" என்றேன்.

குடையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"தாயி, கோவிச்சுக்கிடாதிய. நாலு வாரமாப் பாக்கேன். அவுக தூங்க வருதாக, நீங்க எழுப்ப வருதிய" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் தேய்த்துவிட்டுப் பகலில் தூங்கினால் ஜன்னி வராதா, வந்தால் நீரா பொறுப்பு என்று சண்டைக்குப் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இருவது வருசமா இங்கன எண்ணெய் தேய்க்கேன். தேய்ச்சு விடுத எண்ணெயில பாதி என் மேலதான் இருக்கு. மத்தியானம் ஆனா இந்தப் பாறையிலதான் சாயுதேன். எனக்கு இதுவரைக்கும் எத்தனை ஜன்னி வந்திருக்கணும்?"

அத்தை குடையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "படுக்கதுக்கு முன்னால ஒவ்வொரு வாரமும் ஒண்ணு கேப்பாக. 'அண்ணாச்சி, நான் முழிக்கிற வரைக்கும் எங்கயும் போயிர மாட்டியளே, முழிச்சிருப்பியளா'ன்னு. இங்கனதான் இருப்பேன், நீங்க படுங்கன்னு சொன்னாப் போதும். அடுத்த நிமிசம் கண்ணு சொருகிரும்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாரல் தூற ஆரம்பித்தது. அத்தை குடையை விரித்து மகன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி நேரம் இருக்கும். அவராகவே கண் விழித்தார், யார் கையையும் முறுக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "பொரிகடலை எங்க?" என்றுதான் கேட்டார்.

திரும்பும்போது வண்டியில் நான் ஜப்பான்காரனைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அண்ணாச்சி முழித்திருந்தால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அவர் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அங்கே ஒரு குழிக்கு இரண்டு பேர். ஒருவன் தூங்கினால் மற்றவன் காவல், அதற்குப் பட்டாளத்தில் பாரா என்று பேர். பாராக்காரன், நான் இருக்கிறேன், நீ படு என்று சொன்ன பிறகுதான் மற்றவன் கண்ணை மூடுவான். ஒரு நாள் பக்கத்துக் குழியில் பாராக்காரன் அசந்துவிட்டான். விடிந்தபோது அந்தக் குழியில் எழுப்புவதற்கு ஆள் இல்லை.

"இங்க வந்து பாத்தா, எட்டு மணிக்கு விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் ஒரே நேரத்துல தூங்கிருதிய. ஒருத்தராவது முழிச்சிருக்க வேண்டாமா? அதான் நான் இருக்கேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றரை மாதமாகத் தூக்கம் வராமல் நடக்கிறார், மண்டை கலங்கிவிட்டது என்று நாங்கள் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் எங்களுக்குக் காவல் இருந்திருக்கிறார். அந்த மனுஷனைத்தான் குடையால் குத்திக் குத்தி எழுப்பி, பர்மாவைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தேன் நான். வெட்கமாக இருந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு அழத் தெரியாது. கோபம்தான் வரும். "இம்புட்டுத்தானாலே? இதுக்கா ஜாதிக்காயை உரசி உரசி என் வெரலு தேஞ்சுது? முதல்லயே சொன்னா என்ன? நானும் இவளும் முழிச்சிருக்கோம், நீ படு" என்றார்.

அன்று சாயங்காலம் கட்டில் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் பட்டாசாலைக்குத் திரும்பி வந்தது. அவர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துப் பாரா விதிகளைச் சொன்னார். முன்னிரவு நான், பின்னிரவு அத்தை. பாராக்காரர் உட்காரலாம், படுக்கக் கூடாது. தூணில் சாயக் கூடாது. ஆள் மாறும்போது அடுத்தவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்த பிறகுதான் முதல் ஆள் நகர வேண்டும். அவ்வப்போது மெதுவாக, எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். இதில் அத்தைக்குத்தான் ஆட்சேபம். எல்லாம் சரி என்று சொல்ல நான் யார், அது முருகனுக்கல்லவா தெரியும் என்றார். கடைசியில், "முருகா, எல்லாம் சரிதானே" என்று முருகனையே கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

முதல் ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நடைவாசலில் உட்கார்ந்தேன். மூன்று தடவை அவர் திடுக்கென்று எழுந்தார். மூன்று தடவையும் வாசலைப் பார்த்தார். "நான் இருக்கேன், படுங்க" என்றேன். படுத்தார், தூங்கினார். அவ்வளவுதான் மருந்து. ஒன்றரை மாதம் முந்தியே எனக்குத் தெரிந்திருந்தால் எதிர்வீட்டுச் சேவல் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் பாரா கொடுத்தது சுமார் ரகம். அத்தை கொடுத்ததுதான் பாரா. குடையைத் துப்பாக்கி போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஈ காக்கை உள்ளே வராது. விடியும் நேரத்தில் பால்காரர் வந்தால், நின்ற இடத்திலேயே நிற்க வைத்துப் பேர், ஊர் எல்லாம் விசாரிப்பார். அந்தப் பால்காரர் பத்து வருஷமாக எங்கள் வீட்டு மாட்டைக் கறக்கிறவர். பகலில் அத்தையும் நானும் முறை வைத்துத் தூங்கினோம். அது தெருவில் பெரிய பேச்சாகிவிட்டது. தூக்கமில்லாதவன் ராத்திரி குறட்டை விடுகிறான், வீட்டுப் பெண்கள் பகலெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறார்கள், வியாதி ஒட்டிக்கொண்டதோ என்று பேசிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. சொன்ன வாக்கு தவறாமல் சின்ன மாமா விடியற்காலையில் வந்து நின்றார். தெருமுனையில் வண்டி, வண்டியில் இரண்டு தடியான ஆட்கள். நான் உள்ளே படுத்திருந்தேன், சத்தம் கேட்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அத்தை படியில் குடையைக் குறுக்கே நீட்டினார். "நில்லுங்க அங்கனயே."

"மதினி, நான்தான்."

"யாரா இருந்தா என்ன? எம் மவன் தூங்குதான். முழிக்கிற வரைக்கும் உள்ள விட முடியாது."

சின்ன மாமாவை அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படி நிறுத்தியதில்லை. அத்தையும் அதற்கு முன் நிறுத்தியதில்லை. அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். குறட்டை வாசல்வரை வந்தது. "நெசமாவே தூங்குதானா?" என்று ரகசியமாகக் கேட்டார். அத்தை தலையை ஆட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அத்தை கொடுக்கவில்லை, அது பாராவுக்கு உள்ளது. சின்ன மாமா வாசற்படியில் ஒடுங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் தூங்கிவிட்டார். வெயில் வந்து என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா எப்போ பாராவுக்குச் சேந்தாக?" என்றார். "சேந்த அன்னைக்கே தூங்கிட்டாகளே."

சின்ன மாமா காப்பியைக் குடித்துவிட்டு, மலையாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார். நான் அடுக்களையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன்.

ஆனால் பாரா நின்றபாடில்லை. புரட்டாசி நடுவாகிவிட்டது. அவர் தேறிக்கொண்டு வந்தார், நாங்கள் தேய்ந்துகொண்டு வந்தோம். அத்தை காப்பியில் உப்பைப் போட்டார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே தூங்கினேன். எத்தனை காலம் இப்படி என்று கேட்க இரண்டு பேருக்கும் பயம். பாராவை விட்டுவிட்டால் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்.

ஒரு நாள் அத்தைக்குக் காய்ச்சல். முன்னிரவு அத்தை பார்க்கட்டும், விடியும்வரை நான் பார்க்கிறேன் என்று மாற்றிக்கொண்டோம். என் முறைக்கு எழுந்து கண்ணைத் துடைத்து உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவிருப்பது, முகத்தில் சுள்ளென்று வெயில். நடைவாசலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்கிறேன். மாடுகள் கத்துகின்றன. கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலைப் பார்த்தேன், அவர் இல்லை.

ராத்திரி எழுந்திருப்பார், பாராக்காரி தூங்குவதைப் பார்த்திருப்பார், அந்தக் குழி நினைவுக்கு வந்திருக்கும். எங்கே போனாரோ? எழுந்து ஓடப் பார்த்தேன், கால் மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தொழுவத்திலிருந்து வந்தார். கையில் வைக்கோல். என் முன்னால் வந்து நின்றார். நான் தூங்கிட்டேன், தெரியாம அசந்துட்டேன், மன்னிச்சிருங்க என்று உளற ஆரம்பித்தேன். பொறு என்று கையைக் காட்டினார்.

"நான் முழிச்சப்பவே வெயில் வந்துட்டு. நீ தூங்கிட்டிருந்தே. அம்மாவும் தூங்கிட்டிருந்தா. மூணு பேரும் தூங்கியிருக்கோம். ராத்திரி யாருமே முழிச்சிருக்கல."

நான் மரத்த காலைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"போயி ஒவ்வொண்ணாப் பாத்தேன். அம்மா இருக்கா. மாடு ரெண்டும் இருக்கு. நீ இருக்கே" என்றார். பிறகு, தன் காதில் விழ வேண்டும் என்பது போல இன்னொரு தடவை சொன்னார். "யாரும் முழிச்சிருக்கல. ஒண்ணும் ஆகலை."

என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அழுதார். பர்மாவிலிருந்து வந்த பிறகு அவர் அழுதது அன்றுதான். மரத்துப்போன காலை நீட்டிக்கொண்டு நானும் அழுதேன். உள்ளேயிருந்து அத்தை எழுந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பாராவுல தூங்கினவளுக்கு இன்னைக்குக் காப்பி கிடையாது" என்றார். அழுகைக்கு நடுவில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முதலில் முன்னிரவுப் பாரா மட்டும் போதும் என்றார். பிறகு விளக்கு எரிந்தால் போதும் என்றார். கார்த்திகைக்குள் அதுவும் நின்றது. கனவு மட்டும் வயசான பிறகும் எப்போதாவது வரும். எழுந்து உட்காருவார். வீட்டில் எல்லாரும் தூங்குவதை ஒரு சுற்றுப் பார்ப்பார், மறுபடி படுத்துக்கொள்வார். நானும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரியே கிடப்பேன்.

அவர் இப்போது இல்லை. ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால், என்ன கொடுக்கலாம் என்று நான் முந்திக்கொண்டு சொல்வதில்லை, அவர் எதற்குக் காவல் இருக்கிறாரோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விளக்கை அணைத்துவிட்டு ஒரே நேரத்தில் படுத்துத் தூங்கும்போது, காவலுக்கு ஆளில்லாமல் இப்படி மொத்த வீடும் கண்ணை மூடுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்து, அவர்கள் மூச்சை இருட்டில் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் நானும் தூங்குகிறேன்.